அடி பிடித்த தக்காளித் தொக்கு

ஒரு வீட்டு அடுக்களையில் ஓர் இரும்புச் சட்டி இருந்தது. இரண்டு பக்கமும் காது மாதிரி கைப்பிடி. முதுகெல்லாம் கரி. பார்க்க அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் வதங்கியது, பொரிந்தது, தாளித்தது எல்லாம் அதன் வயிற்றில்தான்.

அந்த அடுக்களைப் பாத்திரங்களுக்கு ஒரு மானம் உண்டு. போகும்போது நிறைந்து போகணும், வரும்போது வெறுமையாக வரணும். கனத்தோடு திரும்பி வருகிற பாத்திரம் அலமாரியில் ஏறியதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். மற்றவையும் அதனிடம் பேச்சுக் கொடுக்காது.

கொஞ்ச நாளாக எல்லாப் பாத்திரமும் கனத்தோடுதான் திரும்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி பஞ்சவர்ணம் டைபாய்டில் விழுந்து எழுந்தவள். எழுந்தவள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். காய்ச்சல் எழுந்து போய்விட்டது, அவள் இன்னும் கட்டிலில் கிடந்தாள். "இனிமே எங்கிட்ட மருந்து இல்ல, சோறுதான் மருந்து. உள்ள ஒண்ணும் போகலைன்னா மறுபடி பெட்டுல சேர்த்து குளுக்கோஸ்தான் ஏத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூரில். புருஷன் சோலைமலை லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை பார்ப்பவன். நசுங்கிப்போன கதவைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிற கை. அந்தக் கை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு இப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தது.

முதலில் உள்ளே போனது எவர்சில்வர் டம்ளர், கஞ்சியோடு. போன வேகத்தில் திரும்பி வந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டது சட்டி.

"காய்ச்சல் போறப்ப தன் தம்பி கசப்பை இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கு. அவன் அந்தம்மா நாக்குல வாசப்படியை மறிச்சு உக்காந்திருக்கான். யாரையும் உள்ள விட மாட்டேங்கிறான்."

"கஞ்சியைக் கண்டா எவன் விடுவான்?" என்றது பூப்போட்ட பீங்கான் கிண்ணம். விருந்தாளி வந்தால் மட்டும் கீழே இறங்குகிற கிண்ணம் அது. "என்னை அனுப்புங்க. நான் பேசுற விதத்துல பேசிக்கிறேன்."

சோலைமலைக்கு என்ன தோன்றியதோ, அதையே இறக்கிக் கழுவி, மிளகு ரசத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துப் போனான். கிண்ணமும் கனத்தோடு வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. சட்டிதான் மெல்லக் கேட்டது.

"என்ன சொன்னான்?"

"யாருக்குக் கொண்டாந்தேன்னு கேட்டான். நோயாளிக்குன்னு சொன்னேன். அப்பத் திரும்பிப் போ, நோயாளின்னு பேர் வச்சுட்டா அது என் ஆளு, என் ஆளு நான் சொல்றதைத்தான் கேக்கும்ங்கிறான்."

சட்டிக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் ஏக்கம். தன்னை அனுப்பினால் எப்படியாவது பேசிப் பார்க்கலாம். ஆனால் சட்டியை யார் உள்ளறைக்கு எடுத்துப் போவார்கள்? அதன் எல்லை அடுப்போடு சரி. சமைத்துக் கொடுப்பது இங்கே, வாங்கிக்கொண்டு போய்ப் பேர் எடுப்பது அங்கே. அது பற்றி அதற்கு வருத்தம் இருந்ததில்லை, பஞ்சவர்ணம் நடமாடிய வரைக்கும்.

அப்போது மூலையில் இருந்த பிளாஸ்டிக் கூடையிலிருந்து தக்காளிகள் குரல் கொடுத்தன. "நாங்க இன்னிக்கோட சரி. இதுக்கு மேல தாங்காது. எங்களை எதுக்காவது சேர்த்துக்குங்கப்பா."

சோலைமலை ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தான். விரல் உள்ளே போய்விட்டது. அங்கிருந்தே கத்தினான்.

"ஏம்மா, தக்காளி தொளதொளன்னு ஆயிருச்சு. என்ன செய்ய?"

"எதையாவது செய்ங்க." உள்ளறைக் குரலில் உயிரே இல்லை.

"எதையாவதுன்னா எதை?"

"நல்லெண்ணெயில கடுகு போட்டுட்டு, பூண்டைத் தட்டிப் போடுங்க. அது சிவந்ததும் தக்காளியைப் போட்டு, உப்பு, கொஞ்சூண்டு மிளகாத்தூள். எண்ணெய் பிரியுற வரைக்கும் கிண்டுங்க. அவ்வளவுதான் தொக்கு."

"எண்ணெய் எப்பப் பிரியும்?"

"அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப."

சட்டி அடுப்பில் ஏறியது. வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சத்தம். பூண்டு வாசம் கிளம்பியதும் கரண்டிகூடக் கொஞ்சம் குதித்தது. தக்காளிகள் அழுது அழுது வற்றின. சட்டி மனசுக்குள் வேண்டிக்கொண்டது: இதாவது உள்ளே போகட்டும்.

அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல். பஞ்சவர்ணம் தண்ணீர் கேட்டாள். சோலைமலை கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

"தம்பி, கொஞ்சம் தணிஞ்சு எரி" என்று சட்டி தீயிடம் கெஞ்சியது.

"என்னைத் தணிக்கிற கை உள்ள போயிருக்கு. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றது தீ.

அடியில் கிடந்த தொக்கு சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்தது சிவந்தது, சிவந்தது கறுத்தது, காந்தலாகிவிட்டது.

"விட்டுரு, எம் பேரைக் கெடுக்காதே" என்றது சட்டி.

"மேல மிதந்ததெல்லாம் கிண்ணத்துக்குப் போயிரும். கீழ கிடந்து சூட்டை எல்லாம் வாங்கினது நான்" என்றது காந்தல். "உன்னையும் விட்டா எனக்கு வேற யாரு?"

சோலைமலை ஓடி வந்து அடுப்பை அணைத்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கரண்டியால் மேலாக, காந்தல் கலக்காமல், நல்லதை மட்டும் வழித்துப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து, கொஞ்சம் சோறும் வைத்து உள்ளே போனான்.

கிண்ணம் கனத்தோடு திரும்பி வந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"சாப்பிட்டாதானே உடம்பு தேறும்னு இவர் சொன்னார்" என்றது கிண்ணம் சன்னமாக. "அந்தம்மா வாயைத் திறக்கத்தான் செஞ்சாங்க. அவன் வாசப்படியை விட்டு நகரல."

சோலைமலை தரையில் உட்கார்ந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்ல வேண்டும். கிண்ணத்தில் இருப்பதைத் தொட அவனுக்கு மனசு வரவில்லை. ஒருவேளை சாயங்காலம் கேட்பாளோ என்று தட்டைப் போட்டு மூடி வைத்தான். தனக்குத் தட்டு எடுத்தால் அதையும் கழுவணும். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கித் தன் முன்னால் வைத்தான். இரண்டு கரண்டி சோறு போட்டான். நல்லெண்ணெய் கொஞ்சம் விட்டான். கையால் பிரட்டினான்.

சட்டி ஆடாமல் இருந்தது.

சோறு காந்தலைத் தொட்டதும், அவ்வளவு நேரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது தானாகவே இளகியது. விரல் நுனி சட்டியின் ஓரத்தைச் சுற்றி, அடிக்கு இறங்கி, சுரண்டி மேலே வந்தது. சட்டிக்கு அந்தச் சுற்று பழக்கமானது. எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றி அனுப்பிவிட்டு, கடைசியில் இதே தரையில் உட்கார்ந்து இன்னொரு கை இப்படித்தான் வரும். அந்தக் கை வராத ஏக்கத்தில் இருந்த சட்டிக்கு, கரகரவென்ற அந்தச் சத்தம் கேட்டதும் கண் இருந்தால் நிறைந்திருக்கும்.

சோலைமலை முதல் வாயைப் போட்டான். மென்றான். நிறுத்தினான். அடுத்த வாயைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டான்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?" உள்ளேயிருந்து குரல்.

"சும்மாதான். சட்டியைக் கழுவுறேன்."

"கழுவுற சத்தமா அது? எனக்குத் தெரியாதா?"

அவன் வாயில் சோறு இருந்தது.

கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலடி, நின்று இன்னொரு காலடி. நாக்கு வாசப்படியில் கசப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. உள்ளே வருகிறவர்களை மறிக்கத்தான் அதற்குத் தெரியும். வீட்டுக்காரியே எழுந்து வெளியே நடந்தால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பஞ்சவர்ணம் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். சேலை தோளில் தொங்கியது. சட்டியைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள்.

"இது எஞ் சாப்பாடு" என்றாள்.

"உஞ் சாப்பாட்டைக் கிண்ணத்துல வச்சு மூடியிருக்கேன்."

"அது உங்களுக்கு. சட்டியில ஒட்டினது எனக்கு. எப்பவும் அப்படித்தான்."

சோலைமலை கையை எடுக்கவில்லை. "அப்ப இத்தனை வருசமா ருசியை எல்லாம் சட்டியிலயே வச்சுக்கிட்டு, மிச்சத்தைத்தான் எங்களுக்கு ஊத்திருக்க. நான் என்னடான்னா, ஐயோ பாவம், கடைசியில ஒட்டினதும் காஞ்சதும் திங்கிறாளேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நெனச்சீங்க. ஒரு நாளாவது வந்து ஒரு வாய் கேட்டீங்களா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்த களைப்பில் அப்படியே சரிந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். அவனிடமிருந்து சாப்பிடு என்றோ, டாக்டர் சொன்னார் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. சட்டியை மட்டும் தரையோடு அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.

அவள் கை வந்தது. முன்னைவிட மெலிந்த விரல்கள். சுற்றி, இறங்கி, சுரண்டி. சட்டி தன்னால் ஆன மட்டும் அசையாமல் இருந்துகொடுத்தது. கசப்பு வழக்கம்போல "யாருக்கு?" என்று கேட்க வாயெடுத்தது. பதில் சொல்ல அங்கே கிண்ணமும் இல்லை, நோயாளியும் இல்லை. இரண்டு பேர் ஒரே சட்டியில் கை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஓரம் என்னது" என்றான் அவன்.

"பேர் எழுதியிருக்கா?" என்றாள் அவள், எடுத்து வாயில் போட்டுக்கொண்டே.

முதல் வாய் இறங்கியது. சோலைமலை அவள் தொண்டையைப் பார்த்தான். பார்க்காத மாதிரி சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது. காரம் கூடிப்போச்சு என்று தானாகவே ஒரு காரணம் சொன்னான். அவள் ஒத்துக்கொண்டாள். அடுத்த வாய்க்குக் கை நீண்டது. அவன் எழுந்து இன்னும் ஒரு கரண்டி சோறு கொண்டுவந்து போட்டான்.

அடி பளிச்சென்று தெரியும் வரை சாப்பிட்டாள். விரலை நக்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஒட்ட விடுங்க. ரெண்டு பேருக்குப் பத்தலை."