நான்காவது எலுமிச்சை

அந்தக் காலத்தில் சக்கரத்துக்கும் வாய் இருந்தது, எலுமிச்சம்பழத்துக்கும் வாய் இருந்தது. மனிதன் மட்டுமே பேசித் தீர்த்துக்கொண்டிருக்கவில்லை. புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு ஒரு பழம், அதுதான் பேச்சு. பழத்தை நசுக்கிக் காவு வாங்கிக்கொண்ட சக்கரம், பிறகு யார் உயிரையும் கேட்காது.

சின்னமாயனுக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் கைக்கு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, புதுக் கார் வாங்கிவிட்டான். அன்று அக்கா ஒச்சம்மாளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தன் வண்டியிலேயே தாய்வீட்டுக்குக் கூட்டி வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

கிளம்புமுன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பழங்களை வைத்தான். மூன்று வாய் திறக்கவில்லை. பின்சக்கரத்தடியில் இருந்தது மட்டும் பேசியது.

"தம்பி, என் வயிற்றில் பதினோரு விதை இருக்கு. என்னை விட்டுவிடு."

பாவிப்பயலுக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. பழத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அப்போ எனக்கு?" என்றது சக்கரம்.

நாளைக்குத் தருவதாகச் சொன்னான். சக்கரத்திடம் போய் நாளை சொல்லலாமா? அதற்கு இன்றைக்குச் சுற்றுவது மட்டும்தான் தெரியும்.

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு ஒச்சம்மாள் பின்சீட்டில் ஏறினாள். மெதுவாகப் போடா என்றாள். மெதுவாகத்தான் போனான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் அந்தச் சக்கரம் வெடித்தது. வண்டி கரையிலிருந்து உருண்டது. வளையல் அத்தனையும் நொறுங்கிக் கிடந்தது. அக்காவும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. சின்னமாயனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சட்டைப்பையில் இருந்த பழமும் நசுங்கவில்லை. அதைவிடக் கொடுமை உண்டா?

"நான் கேட்டது ஒரு பழம்தானே," என்றது சக்கரம். அதற்குப் பிறகு எந்தச் சக்கரமும் பேசியதில்லை.

அந்தப் பழத்தையும் லைசென்ஸையும் சின்னமாயன் ஒரே குழியில் புதைத்தான். மரம் வந்தது, காய்த்தது. ஊரார் பறித்து ஊறுகாய் போட்டார்கள். யார் யார் வீட்டு ஜாடியில் அந்தக் காய் கலந்ததோ, யார் கண்டது? அதைத் தின்றவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே காதில் வளையல் நொறுங்கும்.

அன்று முதல்தான், பதினெட்டு தாண்டியும் சில பிள்ளைகள் லைசென்ஸ் எடுப்பதில்லை. கேட்டால், "பஸ்தான் இருக்கே" என்று சிரிப்பார்கள். நீங்கள் வண்டியைக் கிளப்பும்போது மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க" என்பார்கள்.