அறுபத்திநாலு மாடலுக்கு ஒரு ரேடியோ

புதுப்பேட்டையில் பியாட்ரிஸ் சொல்லாமல் எந்தப் பழைய கார் ரேடியோவுக்கும் வருஷம் கிடையாது. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்திருப்பவர்கள், காரின் வயசுக்குப் பொருந்துகிற ரேடியோவைத் தேடிக் கடைசியில் அவள் கடைக்குத்தான் வருவார்கள். அவள் ரேடியோவைத் திறந்து பார்த்து வருஷம் சொல்வாள். அதை அடித்தகட்டில் சாக்கட்டியால் எழுதுவாள். எழுதினால்தான் அது விற்பனைக்கு. எழுதாதவரை எவ்வளவு கொடுத்தாலும் கிடையாது.

தணிகாசலம் அவளிடம் தொழில் கற்க வந்தபோது கடை இருந்த சந்து சும்மா இருக்குமா? சிரித்தது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு அவர் மகள் வயசு. காலமெல்லாம் கார் சீட் கவர் தைத்த மனுஷன், கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து துடைக்கிற துணியைக் கையில் எடுத்தார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு ரேடியோவுக்காவது தன் வாயால் வருஷம் சொல்லி, தன் கையால் எழுதி விற்றுவிட வேண்டும்.

அதுதான் நடக்கிற வழியைக் காணோம். சேர்ந்த பிறகு ஒரு பொங்கல் வந்து போயும் விட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா துடைச்சுக்கிட்டே இருக்கிறது?" என்றார் ஒருநாள். "அங்க என்னப்பா கத்துக்கிட்டேன்னு பையன் கேக்கறான். தூசி தட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லவா?"

பியாட்ரிஸ் ஒரு ரேடியோவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தந்த நிறத்தில் ரெண்டு குமிழ்கள்.

"குன்னூர்ல ஒரு டாக்டர் கேட்டிருக்கார். அவர் கார் ஐம்பத்தெட்டு மாடல். இது எந்த வருஷம்னு பாருங்க சார்."

தணிகாசலம் மூலையில் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே ஒரு வயர் அறுந்து கிடந்தது. கையோடு நீல வயர் ஒன்றைப் போட்டுப் பற்றவைத்தார். முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஐம்பத்தெட்டேதான்மா. வால்வுல முத்திரை இருக்கு."

"ஸ்பீக்கர்ல?"

"அறுபத்திநாலுன்னு இருக்கு. அது பின்னாடி எவனோ மாத்தினது."

"மாத்தினதுன்னு எப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? ஐம்பத்தெட்டு ரேடியோவுல அறுபத்திநாலு ஸ்பீக்கர் எங்கேருந்து வரும்?"

"ம்" என்றாள் பியாட்ரிஸ். சாக்கட்டியை எடுத்து டிராயரில் போட்டாள்.

தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி என்றும் சொல்ல மாட்டாள், தப்பு என்றும் சொல்ல மாட்டாள். இவளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாசம் இன்னொரு ரேடியோ கொடுத்தாள். பளபளவென்று குரோம் முகப்பு, கறுப்புக் குமிழ்கள்.

"கோயம்புத்தூர் மில்காரர் ஒருத்தருக்கு. அறுபத்திநாலு மாடல் கார். இன்னிக்கு வர்றார்."

இந்தத் தடவை சீக்கிரமே வந்துவிட்டார்.

"அறுபத்திநாலு. சந்தேகமே இல்லை. ஸ்பீக்கர்ல போட்டிருக்கு."

"வால்வுல?"

"ஐம்பத்தெட்டு. மிச்சம் கிடந்த பழைய சரக்கைக் கம்பெனிக்காரன் போட்டுத் தள்ளியிருப்பான். அதை விடுங்க. உள்ள ஒரு நீல வயர் இருக்கு பாருங்க, எந்தக் கத்துக்குட்டி பற்றவெச்சானோ, ஈயத்தைக் கொழுக்கட்டை மாதிரி அப்பிவெச்சிருக்கான்."

பியாட்ரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டிராயரைத் திறந்து, தந்த நிறக் குமிழ்களையும் பழைய முகப்பையும் எடுத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தணிகாசலம் குமிழ்களைப் பார்த்தார். நீல வயரைப் பார்த்தார். ஒரே ரேடியோவுக்கு முகத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். கொழுக்கட்டை அவர் பிடித்ததுதான். அவமானத்தில் காது சுட்டது.

"ஏமாத்திட்டீங்களேம்மா."

"நானா? நான் கார் வருஷத்தைத்தான் சொன்னேன். ரேடியோ வருஷத்தை நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு தடவை."

அவர் ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்போ நிஜமா இது எந்த வருஷம்?"

"தெரியலை."

"உங்களுக்கேவா?"

"எது கூடவே வந்தது, எது மாத்தினதுன்னு இதுல பிடிபடலை. அதான் எழுதாம வெச்சிருக்கேன்."

"தெரியலைன்னு சொன்னா எவன்மா வாங்குவான்?"

அவள் பதில் சொல்வதற்குள் மில்காரரே வந்துவிட்டார். மேஜைமேல் ரேடியோவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதத்தானுங்க இத்தன வருசமாத் தேடீட்டு இருக்கறேன்" என்றார், ரேடியோ பக்கத்தில் நின்ற தணிகாசலத்திடம். "அறுபத்திநாலு தானுங்களே? அதை மட்டும் எழுதிக் குடுத்துருங்க. என்ன வெலைன்னாலும் இப்பவே எடுத்துக்கறனுங்க."

தணிகாசலம் பியாட்ரிஸைப் பார்த்தார். அவள் குனிந்து வேறொரு ரேடியோவின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாக்கட்டியை மட்டும் அவர் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அவர் சாக்கட்டியை எடுத்தார். ரேடியோவைக் கவிழ்த்தார். ரெண்டே ரெண்டு எண். எழுதிவிட்டால் மகனிடம் இன்றைக்கே போய்ச் சொல்லலாம், அந்தச் சந்துக்கே சொல்லலாம். கை தகட்டுக்கு அருகில் போய் நின்றது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"வால்வு ஐம்பத்தெட்டுங்க" என்றார். "ஸ்பீக்கர் அறுபத்திநாலு. ரேடியோ எந்த வருஷம்னு தெரியலைங்க. உள்ள இருக்கிற நீல வயர் மட்டும் போன மாசத்துது. அது நான் போட்டேன்."

மில்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதச் சொல்லவா என்னய கோயமுத்தூர்ல இருந்து வர வெச்சீங்க?" என்று பியாட்ரிஸ் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, கடை உங்களுதுதானே? நீங்க சொல்லுங்க. இது அறுபத்திநாலுங்களா, இல்லீங்களா?"

பியாட்ரிஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"இங்க வருஷம் சொல்றது அவர்தாங்க."