சருகில்லாத வழி

"பயமா இருக்கும்மா. தியானத்துல உட்காரவே முடியல."

அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த குரு நிமிர்ந்தார். எதிரே நின்ற சீடர் கோமதிநாயகம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

"எதுக்குப் பயம்?"

"அந்த ஈப்பிடிப்பான் குருவியை நெனச்சுத்தான். போன வருஷம் ஒரு கூட்டைக் காட்டுப்பூனை காலி பண்ணிடுச்சு. இந்தச் சோலையில இனி இந்த ஒரு ஜோடிதான் மிச்சம்."

"தினமும்தான் காவலுக்குப் போறீங்களே."

"போறேன். கூடு இருக்கிற புதர்கிட்டயே உட்கார்ந்திருக்கேன். வழியில கிடந்த சருகெல்லாம்கூடப் பெருக்கிட்டேன்."

"அது எதுக்கு?"

"மிதிச்சா சத்தம் வரும், குருவி மிரளும். சருகுக்குள்ள இருக்கிற பூச்சியும் என் காலுல சாகும். பாவமில்லையா?"

"பூச்சிக்கும் காவலா? அப்புறம் குருவி எதைத் தின்னும், உங்க டிக்கெட்டையா?"

அவர் சிரிக்கவில்லை.

"பூனை வந்தா எனக்குத் தெரிஞ்சிடும் இல்லையாம்மா?"

குரு அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

சாயங்காலம் கோமதிநாயகம் புதருக்கு முன்னால் குந்தியிருந்தார். பனி இறங்கி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்தது. கூட்டின் வாயில் தாய்ப்பறவையின் கண் மட்டும் தெரிந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. அடியில் முட்டைகள்.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

ஒன்றுமில்லை.

இன்னும் கேட்டார். எங்கும் ஒரு சலனமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

பின்கழுத்தில் குளிர்ந்த விரல்கள் அழுந்தின.

திரும்ப முடியவில்லை. விரல்கள் விலகவும் இல்லை.

கூட்டில் பறவை அப்படியே இருந்தது. அதற்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"நான்தான்," என்றார் குரு, காதோரமாக.

"எப்ப... எப்ப வந்தீங்க? காலடிச் சத்தமே கேக்கலையேம்மா!"

"எப்படிக் கேட்கும்? வழி அவ்வளவு சுத்தம்."

கோமதிநாயகம் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நீங்க வந்ததால பரவாயில்லை. வேற ஏதாவது வந்திருந்தா..."

"நான் ரெண்டாவது ஆளு, ஐயா. கீழே பாருங்க."

அவர் திரும்பிக் குனிந்தார். கை எட்டும் தூரத்தில், ஈர மண்ணில், சற்று முன் அவர் நடந்துவந்த தடம். அதன் குதிகால் பள்ளத்துக்குள், நாலு விரல்களோடு, சின்னதாக இன்னொரு பாதம் பதிந்திருந்தது.