முலாம் பூசிய தட்டு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை கூடினால் சிவபாக்கியத்தைப் பழித்ததாக ஆகும். ஒன்று குறைந்தால் குருவைக் கடுமையானவர் என்பீர்கள். நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

கோத்தகிரியில் யோகலட்சுமி அம்மா என்று ஒரு குரு இருந்தார். சிவபாக்கியம் அவருக்குச் சிஷ்யை, ஆனால் வயதில் மூத்தவள். ஒரு காலையில் அவள் ஒரு தட்டில் பழம் வைத்துக் கொண்டுவந்தாள். எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் வாங்கிய பழைய டீ தட்டு. வெள்ளி முலாம் பூசியது.

"என்னக்கா, முகமே சரியில்லை?"

"என் மக தேன்மொழியைப் பொண்ணு பார்க்க வந்தாங்கம்மா. இந்தத் தட்டுலதான் டீ கொடுத்தேன்."

"மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிச்சுதா?"

"அவர் பொண்ணைப் பார்த்தார். அவங்கம்மா தட்டைத்தான் பார்த்தாங்க. 'அட, வெள்ளியா! இதெல்லாம் பொண்ணோடதானே வரும்?'னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'எல்லாம் அவளுக்குத்தான்'னு சொன்னேன். அது நிஜம்தானே? வெள்ளின்னு நான் வாயைத் திறக்கவே இல்லையே. நாளைக்கு நிச்சயம் பண்ண வராங்க. இது பொய்யாம்மா?"

குரு பழங்களை எடுத்துப் பாயில் வைத்தார். வெறும் தட்டை அவளிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு எப்படி நீட்டினீங்களோ அப்படியே நீட்டுங்க."

நீட்டினாள்.

"கட்டைவிரலை எடுங்க."

எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் முலாம் தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு தெரிந்தது.

"தட்டை எங்கேயாவது பிடிக்கணும் இல்லையாம்மா?"

"ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கேக்கா."

சிவபாக்கியம் தட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாள்.

"இப்ப சொன்னா சம்பந்தம் முறிஞ்சிடும். சொல்லாம விட்டா, போற வீட்டுல அவளை ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாங்க. நீங்களே அந்தம்மாகிட்ட பேசிடுங்களேன். உங்க வார்த்தைன்னா மறுபேச்சு பேசமாட்டாங்க."

குரு அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"இப்ப என்னை எடுத்து மேலே பூசப் பார்க்கறீங்கக்கா."



வாசல்படி இறங்கினால் மனசு மாறிவிடும் என்று சிவபாக்கியத்துக்குப் பயம். அதனால் எழுந்திருக்காமல், குருவின் எதிரிலேயே, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.