ஒரு பட்டும் ஐந்து மணிக்கட்டும்

அதைத்தான் நானும் சொல்றேன்! வருஷம் முழுக்க எல்லாரையும் புரட்டிப் போடுற டீம், கடைசிச் சுற்று வந்தா மட்டும் ஏன் படுத்துடுது? வானத்துலேருந்து குதிச்ச மாதிரி ஒரு ஸ்டார் இருக்கான்ல, அப்புறமும் ஏன்? நீங்க இப்பக் கேக்குறீங்க. முன்னொரு காலத்துல ஒரு ராஜாவும் இதையேதான் கேட்டார். கேட்டதோட விட்டாரா? பதில் சரியா வரலன்னா ரெண்டு பேரை நாடு கடத்துவேன்னு உட்கார்ந்துட்டார். அதைக் கேளுங்க.

அந்த ராஜாவின் பெயர் கம்பீரராயர். அவர் நாட்டில் எல்லோருக்கும் கூடைப்பந்துப் பைத்தியம். கோட்டைக்கு வெளியே பெரிய களம். இரண்டு பக்கமும் உயரமான கம்பம், கம்பத்தின் உச்சியில் அடி திறந்த பனையோலைக் கூடை. ஆட்டுத்தோலுக்குள் காற்றடைத்த பந்தை யார் அதிகம் கூடைக்குள் போடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அணிக்கு ஐந்து பேர்.

ராஜாவின் அணியில் வாகையன் என்று ஒருவன் இருந்தான். அவன் எம்பினால் பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும். அவன் ஆட்டத்தில் மயங்கிய ராஜா, ஒருநாள் தன் தோளில் கிடந்த சிவப்புப் பட்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். அன்றிலிருந்து வாகையன் அதை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டுதான் ஆடுவான். பருவம் முழுக்க ஊர் ஊராக அணிகள் வரும். ஆளுக்கு ஒரு நாள் ஆட்டம். பட்டையும் எம்பலையும் கண்டு வாய் பிளந்து, தோற்று, வீடு போய்ச் சேரும்.

கடைசிச் சுற்று மட்டும் வேறு மாதிரி. எதிரணி ஒன்றே ஒன்று. அது களத்தருகே கூடாரம் போட்டுத் தங்கி, ஐந்து நாள் ஆடும். மூன்று ஆட்டம் ஜெயித்தவருக்குக் கோப்பை. கம்பீரராயரின் அணி வருடா வருடம் இங்கேதான் கவிழ்ந்தது.

இந்த வருடம் வந்தவர்கள் மேற்கு நாட்டார். முதல் நாள் வாகையன் தனியாளாக ஜெயித்துக் கொடுத்தான். இரண்டாம் நாள் தோல்வி. மூன்றாம் நாள் படுதோல்வி. வாகையன் முழங்காலில் அடிபட்டுப் பந்தோடு கீழே விழுந்தான்.

அன்று மாலை ராஜசபை கூடியது. படைத்தலைவரான தண்டநாயகர் உக்கிராண்டி எழுந்தார். அணியில் தன் தங்கை மகனைச் சேர்க்கவில்லை என்று அவருக்கு வாகையன் மேல் நெடுநாள் எரிச்சல்.

"மகாராஜா, ஊரில் உள்ள அணிகளை எல்லாம் ஊதித் தள்ளுகிறவன், கோப்பை என்றதும் மட்டும் விழுகிறான். இதற்கு ஒரே பொருள்தான். வாகையன் பகைவரிடம் விலைபோய்விட்டான்!"

சபை திடுக்கிட்டது. அந்த நேரம் பார்த்து விகடகவி பச்சைமால் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?" என்று ராஜா உறுமினார்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. இன்று ஐந்து பேர் ஒருவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். அமுங்கியவனைப் பிடித்து ஏன் அமுங்கினாய் என்று தண்டநாயகர் கேட்கிறார். அதான் சிரிப்பு வந்துவிட்டது."

"அவ்வளவு தெரிந்தவர் என்றால் மிச்ச இரண்டு ஆட்டத்தையும் இவரே நடத்தட்டுமே, மகாராஜா!" என்றார் உக்கிராண்டி. அவர் மீசை சந்தோஷத்தில் துடித்தது.

ராஜாவுக்கும் அது பிடித்துப்போனது. எழுந்து நின்று ஆணையிட்டார். "பச்சைமால், நாளை முதல் அணி உன் பொறுப்பு. ஆனால் என் பட்டின் மானம் காக்கப்பட வேண்டும். என் பட்டு எவன் மேல் இருக்கிறதோ அவன் கைக்கே பந்து போக வேண்டும். அவனே கூடையில் போட வேண்டும். ஆணை மீறினாலோ, கோப்பை போனாலோ, நீயும் வாகையனும் அன்றைக்கே எல்லை தாண்ட வேண்டும்."

பச்சைமால் வணங்கினான். எல்லாப் பந்தும் ஒருவன் கைக்கு என்பதுதான் வியாதி. அதையே மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டார் ராஜா. உக்கிராண்டி வெளியே போகும்போது அவன் காதருகே குனிந்து, "மூட்டை கட்டத் துணி வேண்டுமா, விகடகவியாரே?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பச்சைமால் களத்துக்குப் போனான். வாகையன் முழங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எம் பொண்டாட்டி நிறைமாசமா இருக்கா, விகடரே. எல்லைக்கு அந்தப் பக்கம் வெறுங்காடு. அவள எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"முதல்ல ஆடிக் காட்டுங்கப்பா. அப்புறம் காட்டுக்குப் போறதப் பாக்கலாம்."

ஐந்து பேரும் ஆடிக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாகையனையே பார்த்தபோது பச்சைமால் மட்டும் மற்ற நால்வரைப் பார்த்தான். பந்து கிடைத்ததும் அவர்கள் இரண்டு கையாலும் ஏந்தி, கோயிலில் தட்டு நீட்டுவதுபோல் வாகையனிடம் நீட்டினார்கள். அவன் வாங்கியதும் ஓரமாக ஒதுங்கிக் கைகட்டித் தலைகுனிந்து நின்றார்கள்.

"நிறுத்து, நிறுத்து! சடையா, நீ ஏன்யா கைய கட்டிக்கிட்டு நிக்கிற?"

சடையன் குள்ளமான ஆள். மூலையிலிருந்து குறி தவறாமல் எறிவான் என்று ஒரு காலத்தில் பெயர். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

"பின்ன எப்படி நிக்கிறது? ராஜா பட்டு போத்தினவரு எதிர்ல நிக்கிறோம்ல? கைய வீசிக்கிட்டு நின்னா தண்டநாயகர் ஆளுங்க தோல உரிச்சுருவாங்க."

உண்மைதான். அந்த நாட்டில் அரசபட்டு போர்த்தியவர் எதிரில் யாராக இருந்தாலும் கைகட்டித்தான் நிற்க வேண்டும். அரண்மனையில் பழகிய பழக்கம், களத்துக்குள்ளும் வந்துவிட்டது.

வாகையன் திரும்பி நால்வரையும் பார்த்தான். "ஏண்டா, நான் எப்படா உங்களக் கைகட்டச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலண்ணே," என்றான் சடையன். "ஆனா கட்ட வேணாம்னும் சொல்லலையே."

"நான் கூடையப் பாத்துட்டு ஓடுறேன். பின்னாடி நீங்க நிக்கிறது எனக்கு எங்க தெரியும்?"

"மேற்கு நாட்டானுக்குத் தெரிஞ்சிருச்சு," என்றான் பச்சைமால். "முதல் நாள் உன்னப் பாத்து மெரண்டான். ரெண்டாம் நாள் இந்த நாலு சிலைங்களையும் பாத்துட்டான். சிலைக்கு எதுக்குக் காவல்? அஞ்சு பேரும் உன் மேல வந்துட்டான். ஒரு நாள் வந்துட்டுப் போறவன் உன்ன மட்டும் பாப்பான். அஞ்சு நாள் தங்குறவன் எல்லாத்தையும் பாப்பான்ல?"

பச்சைமால் வாகையன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இந்தப் பட்டக் கட்டிக்கிட்டு வீதியில போனா ஜனங்க வழி விடுறாங்களா?"

"விடுறாங்க விகடரே. தேர் வர்ற மாதிரி விடுறாங்க."

"களத்துல?"

வாகையன் கசப்பாகச் சிரித்தான். "எங்க விடுறான்? மூச்சு விடவே எடமில்ல."

"அப்ப இதக் கிழிச்சிரலாமா? அஞ்சு துண்டா?"

வாகையன் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "விகடரே, இது இல்லன்னா நான் யாரு? சந்தைக்குப் போற கூட்டத்துல ஒருத்தன். இத வாங்க நான் எத்தன வருஷம் எம்பியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். எம்புனது உன் காலா, இந்தத் துணியா?"

வாகையன் ஒத்தடம் வைத்த தன் முழங்காலைப் பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்தான். பல்லால் ஓரத்தைக் கடித்து, சர்ரென்று கிழித்தான். முதல் துண்டைச் சடையன் மணிக்கட்டில் அவனே கட்டினான். சடையன் பழக்க தோஷத்தில் கைகட்டப் போனான்.

"கையக் கீழ போடுறா! இப்ப நீயும் பட்டுக்காரன்."

அன்று மதியம் ஐந்து மணிக்கட்டிலும் சிவப்பு மின்னக் களமிறங்கினார்கள். கூட்டம் கசமுசவென்றது. மேடையில் ராஜாவின் பக்கத்திலிருந்து உக்கிராண்டி துள்ளி எழுந்தார்.

"ராஜத்துரோகம்! மகாராஜாவின் பட்டைக் கிழித்திருக்கிறார்கள்! இப்போதே விலங்கிடுங்கள்!"

ராஜாவின் முகம் கிழிந்த பட்டைவிடச் சிவந்தது. "கிழித்தவன் யார்?"

வாகையன் முன்னால் வந்தான். அவன் வாய் திறப்பதற்குள் பச்சைமால் கைகூப்பினான். "மகாராஜா, ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பட்டைத் தாங்கள் வாகையனுக்குக் கொடுத்தீர்களா, இரவல் விட்டீர்களா?"

"கம்பீரராயன் இரவல் விடுவதா? கொடுத்தேன்!"

"கொடுத்தது அவனுக்குச் சொந்தம். சொந்தப் பொருளை நண்பர்களோடு பங்கு போட்டிருக்கிறான். அதில் துரோகம் எங்கே வந்தது? தங்கள் ஆணையும் அப்படியே இருக்கிறது. பட்டு எவன் மேல் இருக்கிறதோ அவன் கைக்கே பந்து போக வேண்டும், அவனே போட வேண்டும். ஐந்து பேர் மேலும் இருக்கிறது. இனி ஆணையை மீற நாங்களே ஆசைப்பட்டாலும் முடியாது, மகாராஜா!"

ராஜா கையை அசைத்துக் காவலர்களை நிறுத்தினார். "ஆட்டம் முடியட்டும். பிறகு உன் கதையைப் பேசுவோம்," என்று உட்கார்ந்தார்.

மேற்கு நாட்டு அணித்தலைவன் தன் ஆட்களிடம் கத்தினான். "டேய், பட்டுக்காரன அமுக்குங்கடா!"

"எந்தப் பட்டுக்காரன தலைவா? அஞ்சு பேரும் பட்டுக்காரனா இருக்கான்!"

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நெடுநாள் கட்டியே கிடந்த கைகள் அவை. சடையன் எறிந்த முதல் பந்து கூடையை விட்டுக் கம்பத்தையே தாண்டிப் போனது. அடுத்தது யாரோ ஒரு கிழவர் மடியில் விழுந்தது. கூட்டம் ஊளையிட்டது. "வாகையனுக்குக் குடு! வாகையனுக்குக் குடு!" அடுத்த முறை பந்து வந்ததும் சடையன் பழையபடி இரண்டு கையாலும் ஏந்தி வாகையனிடம் நீட்டினான்.

வாகையன் வாங்கவில்லை. "போடுறா."

"விழலையேண்ணே..."

"போட்டாத்தான விழும்! போடுறா!"

போட்டான். விழுந்தது. சத்தமே இல்லாமல் ஓலைக்குள் இறங்கியது. அதன் பிறகு மேற்கு நாட்டார் மூலைக்கும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போதுதான் முதல் நாளுக்குப் பிறகு முதன்முறையாக வாகையனுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். இப்போது இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாம் நாள் நாடே களத்தில் நின்றது. மேற்கு நாட்டாரும் இரவோடு இரவாக யோசித்து, ஆளுக்கு ஆள் காவல் போட்டு வந்திருந்தார்கள். யாரும் யாரையும் மிஞ்சவில்லை. நேரம் அளக்கும் நாழிகை வட்டிலில் கடைசிச் சொட்டுகள் இறங்கும்போது இரு பக்கமும் சமம். பந்து வாகையன் கையில்.

பயத்தில் மேற்கு நாட்டார் மூன்று பேர் பழைய ஞாபகத்தில் அவன் மேல் பாய்ந்தார்கள். "நீயே போடு! நீயே போடு!" என்று கூட்டம் அலறியது. கூடவே ராஜாவும் அலறினார். மேடையோரத்தில் நிறைமாத வயிற்றோடு நின்ற வாகையன் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

வாகையன் எம்பினான். அந்தரத்தில் ஒரு நொடி நின்றான். பந்தை மூலையில் தனியாக நின்ற சடையனுக்கு எறிந்தான். ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார்.

சடையன் போட்டான். பந்து கூடை விளிம்பில் பட்டுத் தெறித்து வெளியே வந்தது.

உக்கிராண்டி, "தொலைந்தான்!" என்று கத்தினார். ஆனால் வாகையனைச் சூழ்ந்த மூவரும் சடையன் பக்கம் ஓடியிருந்தார்கள். பூவலிங்கம் என்ற ஒல்லியான ஆட்டக்காரன் விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான். அது போன இடத்தில், சுற்றிலும் ஒரு காவல்கூட இல்லாமல், வாகையன். நொண்டிக் காலோடு எம்பி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் பந்தைக் கூடையில் வைத்தான். வட்டில் காலியானது. களம் வெடித்தது.

சபை கூடியதும் ராஜா தலையைச் சொறிந்தார். "சடையன் தவறவிட்டான், பூவலிங்கம் தட்டிவிட்டான், வாகையன் போட்டான். இதில் நான் யாரைப் பாராட்டுவது?"

"சந்தேகமென்ன மகாராஜா, வாகையனைத்தான்!" என்று உக்கிராண்டி முந்திக்கொண்டார். "நம் நாட்டு நட்சத்திரம் என்று நான் அன்றிலிருந்தே சொல்லி வருகிறேன்."

"ஓகோ," என்றான் பச்சைமால். "இரண்டு நாள் முன்பு விலைபோனவனை யார் மீட்டு வந்தது, தண்டநாயகரே?"

முதலில் ராஜாவின் தொப்பை குலுங்கியது. பிறகு கிரீடம் ஆடியது. பிறகு சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இனி களத்துக்குள் யாரும் யாருக்கும் கைகட்டக் கூடாது, எனக்கே ஆனாலும்! வாகையன் மீது இனி எவனும் பழி சொல்லக் கூடாது. அவன் பிள்ளைக்கு நானே பெயர் வைப்பேன். பச்சைமால், இந்தா!" தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பிறகு திரும்பினார். "உக்கிராண்டி, அணியின் வியாதி உமக்கு விளங்கவில்லை. நாளை விடியற்காலை முதல் நீரும் அவர்களோடு களத்தைச் சுற்றி ஓடும். மருமகனையும் அழைத்து வாரும். நன்றாக ஓடினால் அவனையும் சேர்த்துக்கொள்ளட்டும்."

தண்டநாயகர் மீசை தொங்கிவிட்டது. ஆனால் அவர் தங்கை மகன் பின்வரிசையில் எம்பிக் குதித்ததைப் பலரும் பார்த்தார்கள்.

எனக்கு இன்னும் ஒரே ஒரு இடம்தான் உறுத்திக்கிட்டே இருக்கு. கடைசிப் பந்து, மூணு பேர் மேல பாயறான், நாடே "நீயே போடு"ன்னு கத்துது, தோத்தா பொண்டாட்டியோட காட்டுக்குப் போகணும். மூலையில நிக்கிற சடையனுக்குக் கைகட்டு அவுந்து ஒரு நாள்தான் ஆச்சு. நீங்க வாகையனா இருந்தா பந்தை அவனுக்குக் குடுத்திருப்பீங்களா? நான் குடுத்திருப்பேன்னுதான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க, சீக்கிரம் சொல்லுங்களேன்?