செல் உள்ளவர் உள்ளே செல்க

அரசர் காலத்தில் செல்போன் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே போய்த் தூங்கலாம். கொற்றங்குடியில் இருந்தது. அரசர் இளஞ்சேந்தரிடம் இரண்டு இருந்தன.

அந்த ஊரில் ஆண்டுதோறும் அரண்மனை முற்றத்தில் பின்னல் கோலாட்டம் நடக்கும். மேலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, கோலடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினால் கயிறு சடை போலப் பின்னிக்கொண்டு வரும். ஒருத்தி குறைந்தாலும் பின்னல் கோணிவிடும். ஆட வருகிறவர்களும் பார்க்க வருகிறவர்களும் வாசல் உண்டியலில் ஒரு காசு போட்டுவிட்டு உள்ளே போவார்கள். விளக்கு எண்ணெயும் சுண்டலும் அந்தக் காசில்தான்.

இந்த வருடம் நிதியமைச்சர் அளகேசர் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போய்வந்தார்.

"மகாராஜா, அங்கே தேங்காய் விற்கிறவன்கூடக் காசைத் தொடுவதில்லை. கட்டம் போட்ட அட்டையைக் காட்டுகிறான், வாங்குகிறவர்கள் செல்லைக் காட்டுகிறார்கள், முடிந்தது. நாம் இன்னும் உண்டியலைக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம்."

பக்கத்து நாட்டில் எது நடந்தாலும் நம் அரசருக்குத் தூக்கம் போய்விடும். மறுநாளே உண்டியலைத் தூக்கிவிட்டார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் வந்தது. பணம் விழுந்தால் 'பெறப்பட்டது' என்று கத்தும் பெட்டி ஒன்றும் வந்தது. அளகேசருக்குக் கவிதைக் கிறுக்கு வேறு உண்டு. ஆணையைத் தன் கையாலேயே மரப்பலகையில் சுண்ணாம்பால் எழுதினார்:

'காசு செல்லாது. செல் உள்ளவர் உள்ளே செல்க. இல்லாதவர் வெளியே நிற்க.'

"எத்தனை 'செல்' வைத்திருக்கிறேன் பார்த்தீர்களா?" என்று சபையில் எல்லாரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டார்.

விழா மாலை வந்தது. செல் வைத்திருந்தவர்கள் சிக்னல் தேடிக் கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இப்படியும் அப்படியும் திரிந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், ஆட்டம் தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்கள். செல் இல்லாதவர்களைக் காவலன் சாத்தன் ஈட்டியைக் குறுக்கே வைத்து நிறுத்தினான். கோலாட்டக் குழுத் தலைவி பவளக்கொடியும் அப்படித்தான் நின்றாள். அவள் குழுவில் பாதிப் பேரிடம் செல் கிடையாது.

அரசவை விகடர் நக்கன் அந்தப் பக்கம் வந்தார். பேருக்கேற்ற நக்கல் பேர்வழி.

"நக்கண்ணே, பாதிப் பேரு வெளிய நின்னா பின்னல் எப்படி விழும்? வருசம் பூரா காத்திருந்தோம். காசு கையிலதான் இருக்கு, வாங்க மாட்டேங்கிறாங்க" என்றாள் பவளக்கொடி. நக்கனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் இன்னும் பணிவாகிவிடுவார்.

நேரே அரசரிடம் போனார். "மகாராஜா, செல் இருப்பவர் செல்லைக் காட்டட்டும். இல்லாதவர் காசு போடட்டுமே?"

அளகேசர் குறுக்கே விழுந்தார். "ஆணையில் ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறினால் பக்கத்து நாட்டில் சிரிப்பார்கள்."

அரசருக்கு அந்தச் சிரிப்பு இப்போதே கேட்டது. "எழுத்துக்கு எழுத்து அப்படியே நடக்கட்டும்" என்றார்.

"அப்படியே நடத்துகிறேன். தவறினால் என் பதவியை அமைச்சருக்கே கொடுத்துவிடுங்கள். ஊரைச் சிரிக்கவைக்க அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை" என்று கும்பிட்டுவிட்டு நக்கன் அரண்மனைச் சரக்கறைக்குப் போனார். கோலுக்கு எண்ணெய் பூசும் செலவு வீண் என்று அமைச்சர் நிறுத்தியதிலிருந்து அங்கே கிடந்த பழைய கோல்களை அள்ளிவந்து பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். மிச்சத்தை ஆணைப் பலகையில் சாய்த்து வைத்தார்.

"செல் இருக்கா?" என்றான் சாத்தன்.

பவளக்கொடி கோலை ஈட்டியில் தட்டினாள். பொலபொலவென்று வெள்ளைப் பூச்சிகள் உதிர்ந்தன. "செல்லரிச்ச கோலுய்யா. செல் இல்லாமலா அரிக்கும்?"

சாத்தன் பலகையைப் படித்தான். எந்தச் செல் என்று அதில் எழுதவில்லை. பணம் கட்டச் சொல்லியும் ஒரு வார்த்தை இல்லை, எதுகை இடிக்கும் என்று அமைச்சர் விட்டிருந்தார். சாத்தன் ஈட்டியை எடுத்துக்கொண்டான்.

பெண்கள் முற்றத்தில் நுழைந்ததும் அளகேசர் துள்ளி எழுந்தார். "செல் இல்லாதவர்களை யார் விட்டது?"

நக்கன் சிம்மாசனத்தின் முன்னால் இரண்டு கோலைத் தட்டிக் காட்டினார். கம்பளத்தில் செல் ஊர்ந்தது.

"இது கறையான்!"

"தமிழில் இதுதான் செல், அமைச்சரே. உங்கள் கையில் இருப்பதுதான் வெளியூர்ச் சரக்கு."

அரசர் மெல்லக் காலைத் தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்துக்கொண்டார்.

"கவலை வேண்டாம், மகாராஜா" என்றார் நக்கன். "இது கொஞ்சம்தான். ஊரே வெளியில் செல்லோடு வரத் தயாராக நிற்கிறது. சிம்மாசனம் தேக்குதானே?"

"தேக்கு என்றுதான் அமைச்சர் சொன்னார்."

அளகேசர் தரையைப் பார்த்தார்.

அரசருக்குப் புரிந்துவிட்டது. "காசும் வாங்குங்கள், உடனே! ஆனால் எழுத்து மாறாது என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே, நக்கா."

"எழுத்து ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. வந்து பாருங்கள்."

எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். பலகையில் இப்படி இருந்தது: 'காசு, செல் உள்ளவர் உள்ளே செல்க. இல்லாதவர் வெளியே நிற்க.'

"நான் எழுதிய 'செல்லாது' எங்கே?" என்று அலறினார் அளகேசர்.

நக்கன் சுண்ணாம்பு ஒட்டிய கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, பலகையில் சாய்ந்திருந்த கோல்களைக் காட்டினார். "செல் அரித்துவிட்டது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி நக்கன் கழுத்தில் போட்டார். உண்டியல் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எல்லாக் கயிற்றுக்கும் ஆள் வந்தது. பின்னல் அழகாக விழுந்தது.

கடைசியாக உள்ளே போகப் பார்த்தவர் அளகேசர். சாத்தன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். மடியில் காசு இல்லை. அவர் செல்லை நீட்டினார். சார்ஜ் போய்க் கறுப்பாக இருந்தது.

"இது செத்த செல்லு, சாமி" என்றான் சாத்தன். "அந்த அக்காங்க கொண்டாந்தது உசுரோட இருந்துச்சு."