ஏழு பொத்தான் சட்டையும் மரப்பெண்ணும்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், காக்கைக்குக் கறுப்பா வெள்ளையா என்று இன்னும் முடிவாகாத நாட்களில், நீர்மங்கலம் என்றொரு நாடு இருந்தது. அகண்டகீர்த்தி என்னும் ராஜா அதை ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒழுங்கு என்றால் அவருக்குப் பைத்தியம். மரத்தில் இலைகள் வரிசையாக முளைக்கவில்லையே என்றுகூட வருத்தப்படுகிறவர்.

அவர் சபையில் வேலை பார்க்கிற எல்லாரும், ஆணானாலும் பெண்ணானாலும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். விறைத்த காலர், ஏழு பொத்தான், முழுக்கை. கையை மடித்துவிடக் கூடாது. ஆண்களின் சட்டையைத் தைக்க ஊருக்கு ஊர் தையல்காரர்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் அளந்து தைத்துக் கொடுத்தார்கள். பெண்களின் சட்டையை மட்டும் ஒரே ஒருவன்தான் தைக்கலாம் என்று ராஜா முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். அவன் பெயர் கத்திரிமாயன். பாதி தையல்காரன், பாதி மந்திரவாதி. இரண்டிலுமே அவனுக்குப் பாதிதான் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். அவன் காதுபடச் சொல்லமாட்டார்கள்.

அவனுடைய தையல் மண்டபத்தின் நடுவில் ஒரு மரப்பெண் நின்றாள். நேரான முதுகு, தொங்கும் கைகள், எதிரே பார்க்கும் கண்கள். நாட்டில் உள்ள அத்தனை பெண்களின் சட்டையும் அவள் மேல் வைத்துத்தான் வெட்டப்பட்டது. சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்றே அளவு. மரப்பெண்ணைவிடக் கொஞ்சம் குறைத்தால் சிறிசு, கொஞ்சம் கூட்டினால் பெரிசு. அதற்குமேல் கத்திரிமாயன் மூளையை வருத்திக்கொள்ளவில்லை.

"என் சட்டையில் குற்றம் இருக்க முடியாது மகாராஜா. சட்டை பிளந்தால் உடம்பில்தான் குற்றம்" என்று அவன் ராஜாவிடம் சொல்லிவைத்திருந்தான். ராஜாவும் நம்பிச் சட்டம் போட்டுவிட்டார். சபையில் ஒருத்தியின் சட்டை, பொத்தான் தெறித்தோ தையல் விட்டோ, மூன்று முறை பிளந்தால் அவள் வேலை போய்விடும்.

பெண் அதிகாரிகள் என்ன செய்வார்கள்? பழகிக்கொண்டார்கள். நீதிபதி அம்மாள் எட்ட இருக்கும் ஓலையை எடுக்கவே மாட்டார். கருவூலத்து மீனலோசனி சபையில் உட்காரமாட்டாள். யாரும் உரக்கப் பேசுவதில்லை. "நம் பெண் அதிகாரிகள்தான் எவ்வளவு அடக்கம்!" என்று ராஜா பெருமைப்பட்டுக்கொண்டார். முழுசாக மூச்சு விட்டால்தானே ஐயா உரக்கப் பேசமுடியும்?

இப்படிப்பட்ட சபைக்குத்தான் குமுதவல்லி மதகு அதிகாரியாக வந்து சேர்ந்தாள். அகலமான தோள், நீண்ட கை, பசித்தால் நன்றாகச் சாப்பிடுகிற பெண். பரீட்சையில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தவள். சபையின் ஒரு சுவர் முழுக்க நாட்டின் நீர்ப்படம் தொங்கியது. கீழே ஏரி, அதற்கு மேலே முதல் மடை, இன்னும் மேலே மற்ற மடைகள், உச்சி மூலையில் கடைசி மடையான மணற்குடி. நடவுக்கு முன் மூன்று சபைகள் கூடும். மதகு அதிகாரி ஒவ்வொரு ஊராகத் தொட்டு, எந்த மதகை எப்போது திறப்பது என்று சொல்லவேண்டும். மூன்றாம் சபையில் ராஜா முத்திரை வைப்பார். அவள் தொட்டுக் காட்டாத ஊருக்கு அந்த வருஷம் தண்ணீர் கிடையாது.

ஒரு கோலை எடுத்துக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். படம் பழைய பட்டு, கோல் பட்டால் கிழிந்துவிடும். விரலால்தான் தொடவேண்டும்.

குமுதவல்லி மணற்குடியில் பிறந்தவள். அவள் வேலை போனால் அந்த இடத்துக்கு மந்திரியின் மைத்துனர் வருவார். அவருடைய வயலெல்லாம் முதல் மடையில் இருந்தது. முதல் மடையைத் தாண்டி ஒரு சொட்டு போகவிடமாட்டார்.

முதல் சபைக்கு முன்னால் அவள் தையல் மண்டபத்துக்குப் போனாள். கத்திரிமாயன் ஒரு சிறிசை எடுத்து மாட்டிவிட்டான்.

"நேராக நில். கையைத் தொங்கவிடு. மூச்சை அடக்கு. ஆஹா! பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்!"

அப்படி நின்றால் பொருத்தமாகத்தான் இருந்தது. குமுதவல்லி சபைக்குப் போனாள். முதல் மடையைத் தொட்டாள், ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேலே கையைத் தூக்கினாள். 'டப்' என்று மார்புப் பொத்தான் தெறித்து ராஜாவின் மோரில் போய் விழுந்தது. சபை சிரித்தது. குமுதவல்லி முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"கையைத் தூக்கினேன், பொத்தான் போச்சு ஐயா" என்றாள் கத்திரிமாயனிடம்.

"கையைத் தூக்கினாயா? உன்னை யார் தூக்கச் சொன்னது?"

"என் வேலையே அதுதானே?"

"வேலை உன்னுடையது. சட்டை என்னுடையது. இந்தா, நடுத்தரம். நேராக நில். கையைத் தொங்கவிடு. மூச்சை அடக்கு. ஆஹா! பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்!"

நடுத்தரத்தில் பொத்தான் போட முடிந்தது. ஆனால் சட்டையின் கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. இரண்டாம் சபையில் அவள் படத்தைத் தொட்டபோது ராஜா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அம்மா, எந்த ஊரைக் காட்டுகிறாய்? எனக்குத் துணிதான் தெரிகிறது."

விரலை வெளியே விடுவதற்காக அவள் எட்டி நீட்டினாள். 'டர்ர்' என்று முதுகு இரண்டாகப் பிளந்தது. எல்லாப் பக்கமும் தாராளமாக இருந்த சட்டைக்கு முதுகில் மட்டும் இடமில்லை. மரப்பெண் எந்தக் காலத்தில் கையை நீட்டினாள், முதுகுக்கு இடம் விட? மந்திரியின் மைத்துனர் தனக்கு ஒரு புதுச் சட்டைக்கு அன்றைக்கே அளவு கொடுத்துவிட்டார்.

மீனலோசனி அவளை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டி இப்படிப் பண்றே? உள்ளே ரெண்டு ஊக்கு குத்திக்கோ. மேலே ஒரு சால்வையைப் போட்டுக்கோ. கையைத் தூக்காதே. உச்சியில இருக்கிற ஊரையெல்லாம் விட்டுடு, யாரு கேக்கப்போறா?"

"எங்க அம்மா கேப்பா அக்கா. நாத்து விட்டுட்டு மடையையே பாத்துட்டு உக்காந்திருக்கா. ஊரே உக்காந்திருக்கு."

மீனலோசனி தன் ஊக்கு ஒன்றைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் சபைக்கு முந்தின நாள் காலையில் குமுதவல்லி மறுபடியும் மண்டபத்துக்குப் போனாள். கத்திரிமாயன் பெரிசை எடுத்து மாட்டிவிட்டான். உடம்புப் பக்கம் கொசுவலைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, கழுத்தோ நெரித்தது.

"ஐயா, என்னை அளந்து ஒண்ணே ஒண்ணு தைச்சுக் குடுங்க. கும்பிட்டுக் கேக்கிறேன்."

"அளப்பதா? நான் ஒரு முறை அளந்துவிட்டேன்" என்று அவன் மரப்பெண்ணைக் காட்டினான். "பெண் என்றால் அதுதான் அளவு. உன் உடம்பு அதற்கு ஒத்துவரவில்லை. ஆனால் நான் இரக்கமுள்ளவன். சட்டையை உனக்கு ஏற்றபடி மாற்றமாட்டேன். உன்னை வேண்டுமானால் சட்டைக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன். வலிக்காது."

குமுதவல்லி யோசித்தாள். நாளைக்கு மூன்றாம் சபை. ஊர் காத்திருக்கிறது. கொஞ்சம் தோள் குறைந்தால்தான் என்ன? அவள் தலையாட்டினாள்.

கத்திரிமாயன் அளவு நாடாவைத் தூக்கிச் சுழற்றினான். நாடா பாம்பாக நெளிந்து அவளைச் சுற்றியது.

"நேராக நில்" என்றான். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. "கையைத் தொங்கவிடு" என்றான். விரல்கள் மரத்துப்போயின. நகத்தில் பலகையின் வரி ஓடியது. "மூச்சை..."

"மூச்சு விடு!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

குமுதவல்லி திடுக்கிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். பெரிசின் கழுத்துப் பொத்தான் தெறித்துக் கத்திரிமாயனின் நெற்றியில் பட்டது. நாடா தளர்ந்து தரையில் விழுந்தது. அவள் விரல்கள் மறுபடி விரல்களாயின.

"போ! நாளைக்கு வேலையில்லாமல் ஊர் போய்ச் சேர், அம்மணி!" என்று கத்திவிட்டு அவன் சாப்பிடப் போனான். மந்திரவாதியானாலும் பசிக்குமல்லவா? சாப்பிட்டால் மறுநாள் வரை தூங்கவும் வேண்டுமல்லவா?

குமுதவல்லி மரப்பெண்ணின் அருகே போனாள். "பேசினது நீங்களா?"

மர உதடு மெல்ல அசைந்தது. "நான்தான். செங்கமலம். இந்தச் சபையில முரசு அடிச்சவ. சட்டைக்கு அளவு எடுக்கும்போது நான் சும்மா நிக்கலைன்னு அவனுக்குக் கோபம். அளவு முடியற வரைக்கும் அசையாதேன்னு மந்திரம் போட்டான். அவனுக்குத் தெரிஞ்ச அளவெல்லாம் எடுத்துட்டான். மந்திரம் விடலை. என்னமோ ஒரு அளவு பாக்கி. எதுன்னு அவனுக்கும் தெரியலை. நான் ஓடிப்போயிட்டேன்னு ராஜாகிட்ட சொல்லிட்டான்."

குமுதவல்லி தரையில் கிடந்த நாடாவை எடுத்தாள். கழுத்தை அளந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தோளை அளந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இடுப்பை அளந்தாள், அப்போதும் மரம் மரமாகவே நின்றது. அவள் சோர்ந்துபோய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் நடுத்தரச் சட்டை செய்த அதே 'டர்ர்' சத்தத்தைப் பெரிசும் முதுகில் செய்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அக்கா, முரசு அடிக்கும்போது உங்க கை எவ்வளவு தூரம் போகும்?"

அந்தக் கேள்வியை மரப்பெண்ணிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

குமுதவல்லி எழுந்து முக்காலியைக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்தாள். "இதுதான் முரசுன்னு வெச்சுக்கோங்க. அடிங்க. நான் அளக்கிறேன்."

முதலில் ஒரு விரல் அசைந்தது. அப்புறம் மணிக்கட்டு. கிறீச்சென்று தோள் திரும்ப, கை மேலே போயிற்று, இன்னும் மேலே போயிற்று. குமுதவல்லி நாடாவை இடுப்பில் ஊன்றி, முதுகின் மேலாக, தூக்கிய கையின் மணிக்கட்டு வரை பிடித்தாள். நாடா அங்கே தொட்டதும் மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. செங்கமலம் விட்ட மூச்சில் மண்டபத்திலிருந்த நூல்கண்டுகள் எல்லாம் உருண்டோடின. அவள் முதலில் முக்காலியை ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு குமுதவல்லியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டுபேரும் அழுதார்கள்.

"அழுததெல்லாம் போதும்" என்று செங்கமலம் கண்ணைத் துடைத்தாள். "இத்தனை வருஷமா கண்ணு மட்டும் எனக்கு மூடலை. அவன் செய்யற தப்பையெல்லாம் பாத்துட்டே நின்னேன். எப்படித் தைக்கக் கூடாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பெரிசைக் கழட்டு. மணற்குடியைத் தொடுற மாதிரி நில்லு. இப்ப உக்காரு. இப்ப குனி. வாய்விட்டுச் சிரி, அளக்கணும்."

பெரிசைப் பிரித்தார்கள். கழுத்தைத் தளர்த்தினார்கள், கையைக் குறைத்தார்கள், முதுகில் ஒரு மடிப்பு வைத்தார்கள், அக்குளில் ஒரு துண்டு சேர்த்தார்கள். மார்பு அகலமாக இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு பொத்தான் வரும்படி எல்லாப் பொத்தானையும் இடம் மாற்றினார்கள். வேலை முடிந்ததும் செங்கமலத்தைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள் குமுதவல்லி. வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மைத்துனர் புதுச் சட்டையோடு தயாராக நின்றார். குமுதவல்லி படத்தின் முன் போனாள். குனிந்து ஏரியைத் தொட்டாள். நிமிர்ந்து முதல் மடையைத் தொட்டாள். ஒவ்வொரு ஊராக மேலே போனாள். சபை காதைத் தீட்டிக்கொண்டு 'டப்'புக்கும் 'டர்ர்'ருக்கும் காத்திருந்தது. அவள் நுனிக்காலில் எழும்பி, கையை முழுசாக நீட்டி, உச்சி மூலையைத் தொட்டாள்.

"மணற்குடி. எட்டாம் நாள் மதகு திறக்கணும் மகாராஜா. தப்பினா நாத்து கருகிடும்."

அவள் குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

"அங்கே ஊரா இருக்கிறது?" என்றார் ராஜா. "படத்தில் பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்!" சொல்லிவிட்டு முத்திரையை எடுத்து நச்சென்று வைத்தார். மைத்துனர் உட்கார இடம் தேடினார்.

அப்போது கத்திரிமாயன் தலைவிரிகோலமாக ஓடிவந்தான். "மகாராஜா, என் மரப்பெண்ணைக் காணோம்! திருட்டு!"

பதிலுக்கு முரசு முழங்கியது. வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடந்த முரசு. அதன் முன்னால் செங்கமலம் நின்றாள். ராஜாவுக்கு அவளைத் தெரிந்தது. அவள் சொன்ன கதையைக் கேட்டு அவருக்கு முகம் சிவந்தது. மூன்று பிளவுச் சட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். தான் அதை நம்பியதற்கு அவர் வெட்கப்பட்டார் என்றும் சொல்கிறார்கள், வெட்கப்படவில்லை என்றும் சொல்கிறார்கள். கத்திரிமாயனின் நாடா அன்றிலிருந்து வெறும் நாடாவாகிவிட்டது. நாட்டில் உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "உங்கள் வேலை என்ன?" என்று முதலில் கேட்டு, அந்த வேலையைச் செய்யும்போது அளந்து தைக்கவேண்டும் என்பது அவனுக்குத் தண்டனை. பழைய பழக்கத்தில் எங்காவது "நேராக நில்" என்று தொடங்கினால் செங்கமலம் அவன் காதருகே முரசை ஓர் அடி அடிப்பாள்.

எட்டாம் நாள் மதகு திறந்தது. குமுதவல்லி வாய்க்கால் கரையோடு தண்ணீரின் கூடவே நடந்தாள். வேடிக்கை பார்க்க மீனலோசனியும் வந்திருந்தாள். மணற்குடியில் சனம் வரப்பில் வரிசையாக நின்றது. மடையில் குப்பை அடைத்துக்கொள்ள, குமுதவல்லி இறங்கிக் கைவிட்டு இழுத்தாள். தண்ணீர் குபுக்கென்று நாற்றங்காலுக்குள் பாய்ந்தது. அவள் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். சட்டை எப்படிடி இருக்கு? எங்கேயாவது பிடிக்குதா?" என்றாள் மீனலோசனி.

குமுதவல்லி முகத்தில் தெறித்த சேற்றை வழித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தச் சட்டை அக்கா?"